உஷார்! குரலை எழுதி வாங்குகிறார்கள்

பாடகர்களே, வாத்தியக் கலைஞர்களே, கோரஸ் பாடுகிறவர்களே, வீட்டில் மைக் வைத்து டிராக் பாடி அனுப்புகிறவர்களே! அடுத்த முறை ரெக்கார்டிங் முடிந்ததும் பணத்தோடு சேர்த்து ஒரு தாளை நீட்டினால், பணத்தை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம். முதலில் தாளைப் படியுங்கள்.

இத்தனை காலமும் படிக்காமல் போட்ட கையெழுத்தால் பெரும்பாலும் ராயல்டிதான் போனது. இனிமேல் போகப்போவது வேலையே. அன்று நீங்கள் பாடிக் கொடுத்தது ஒரு பாட்டு. அந்தப் பாட்டை வைத்து அவர்கள் சம்பாதித்தார்கள், அவ்வளவுதான். இன்று நீங்கள் பாடிக் கொடுக்கும் அதே நான்கு நிமிடத்தை வைத்து, நீங்கள் பாடாத நாற்பது பாட்டை உங்கள் குரலிலேயே உண்டாக்கலாம். தொழில்நுட்பம் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்த அனுமதி மட்டும்தான் பாக்கி. அந்த அனுமதியைத்தான் தாளில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏஐ வந்து இசைக் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்று எல்லோரும் பேசுகிறோம். ஏஐ தானாக வந்து யார் வீட்டுக் கதவையும் தட்டாது. ஒரு கம்பெனி வரும். அதன் கையில் நீங்கள் கையெழுத்திட்ட காகிதம் இருக்கும். பயப்பட வேண்டியது அந்தக் காகிதத்துக்கு.

தாளில் என்னதான் இருக்கிறது?

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன காலம் ஒன்று உண்டு. இப்போது அதோடு 'என்.ஓ.சி.' என்றோ 'அசைன்மென்ட்' என்றோ இரண்டு மூன்று பக்கம் வருகிறது. ஆங்கிலம், பொடி எழுத்து. "எல்லாருக்கும் இதே ஃபார்மேட்தான் சார், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று மேனேஜர் சிரித்தபடி பேனாவைக் கொடுப்பார்.

அந்தப் பக்கங்களின் நடுவில் வழக்கமாக வரும் ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'இந்தப் பதிவு தொடர்பான எல்லா உரிமைகளையும், இன்று அறியப்பட்டதும் இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருப்பதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக, திரும்பப் பெற இயலாதபடி, மாற்றவும் திருத்தவும் பிரிக்கவும் சேர்க்கவும் உள்ள அதிகாரத்தோடு ஒப்படைக்கிறேன்.'

ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். 'இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருப்பது' என்கிற இடத்தில் ஏஐ நுழைகிறது. 'பிரிக்கவும்' என்றால், பின்னணி இசையிலிருந்து உங்கள் குரலை மட்டும் உருவி எடுக்கலாம். 'மாற்றவும்' என்றால், அந்தக் குரலுக்கு வேறு வரிகளைக் கொடுக்கலாம். 'நிரந்தரமாக' என்றால் உங்களுக்குப் பிறகும். இதற்கெல்லாம் நீங்கள் வாங்கிய தொகை ஒரு பாட்டுக்கான சம்பளம்.

இப்படியெல்லாம் செய்வார்களா என்று கேட்காதீர்கள். 2013-இல் வந்த 'ராஞ்ஜணா' இந்திப் படத்தின் தமிழ் வடிவம் 'அம்பிகாபதி'. 2025 ஆகஸ்டில் அதை மறுபடி வெளியிட்டார்கள். முடிவில் இறந்துபோகும் நாயகனை ஏஐ மூலம் உயிரோடு எழுப்பி, கிளைமாக்ஸையே மாற்றிவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார். நாயகனாக நடித்த தனுஷ் பகிரங்கமாக ஆட்சேபம் தெரிவித்தார். தயாரிப்பு நிறுவனம் சொன்ன பதில், உரிமை எங்களிடம் இருக்கிறது என்பதுதான். படமும் வெளியானது. தனுஷுக்கே இந்தக் கதி என்றால், ஒரு கால்ஷீட்டுக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் வயலின் கலைஞரின் ஆட்சேபத்தை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

பழைய தாள்கள் எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. இளையராஜா தன் பாடல்களின் உரிமைக்காக எக்கோ உள்ளிட்ட நிறுவனங்கள் மீது 2014-இல் வழக்குத் தொடர்ந்தார். 2019-இல் தனி நீதிபதியின் தீர்ப்பு வந்தது. பிறகு மேல்முறையீடு என்று அது நீண்டது. வழக்கின் வேர் கேசட் காலத்து ஒப்பந்தங்களில் இருக்கிறது. அவருக்கு வழக்கறிஞர்களை வைத்துப் போராடும் வசதி இருக்கிறது. கோரஸ் பாடுகிறவருக்கு?

குரல் எப்படிக் கைமாறுகிறது?

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடல் வந்தது. மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏஐ மூலம் அதில் கொண்டுவந்திருந்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டில், ஏஐ வழியாகவே, 'கோட்' படத்தில் மறைந்த பவதாரிணியின் குரல் ஒலித்தது. 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில் மறைந்த மலேசியா வாசுதேவன் பாடினார். நாமும் கேட்டுச் சிலிர்த்தோம்.

அதே 2024-இன் தொடக்கத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 'கீடா கோலா' என்கிற தெலுங்குப் படத்தில் தன் தந்தை எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி கேட்காமலே ஏஐ மூலம் பயன்படுத்திவிட்டார்கள் என்று எஸ்.பி. சரண் நோட்டீஸ் அனுப்பினார். பெரிய பாடகரின் மகன் என்பதால் நோட்டீஸ் போனது, செய்தியும் வந்தது. பெயர் தெரியாத பாடகர் என்றால் விஷயமே வெளியில் வந்திருக்காது.

'மனசிலாயோ' உருவான விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் பாட்டைப் பாடியவர் மலேசியா வாசுதேவனின் மகன் யுகேந்திரன். மூச்சை எங்கே விடுவது, எந்த எழுத்தை அழுத்துவது, எந்த இடத்தில் ஒரு குழைவு, எங்கே ஒரு குசும்பு, அத்தனையும் பாடிய தொண்டையிலிருந்து வந்தவை. மென்பொருள் செய்தது அதன்மேல் அப்பாவின் குரல் வண்ணத்தை ஏற்றியதுதான். ஆக, ஏஐ பாட்டு என்று சொல்கிறோமே தவிர, உள்ளே ஒரு மனிதர் பாடியிருக்கிறார்.

இது அப்பா பிள்ளைக்குள் நடந்தால் நெகிழ்ச்சி. தொழிலாகும்போது கணக்கு வேறு. டிராக் பாடுகிற ஒருவர் உயிரைக் கொடுத்துப் பாடுவார். டிராக்குக்கு உண்டான கூலி கிடைக்கும். அதன்மேல் பிரபலத்தின் குரலை ஏற்றி, பிரபலத்தின் பெயரில் வெளியிடலாம். கோரஸுக்கு எட்டுப் பேரை அழைத்த இடத்தில் இருவரைப் பாடவைத்து, மீதி ஆறு குரலைக் கணினியில் உண்டாக்கலாம். அந்த ஆறு பேரின் அன்றைய வாடகை ஆட்டோவும் மிச்சம், பேட்டாவும் மிச்சம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரின் குரலை நகலெடுக்கச் சில நிமிடச் சுத்தமான பதிவு இருந்தாலே கணிசமாக வேலை நடந்துவிடுகிறது. இசையோ எதிரொலியோ கலக்காத பதிவாக இருந்தால் இன்னும் வசதி. நீங்கள் வீட்டிலிருந்து ரிவெர்ப் போடாமல் அனுப்புகிறீர்களே 'டிரை வோக்கல்', அது துல்லியமாக அந்த வகைதான். பாட்டு படத்தில் வராமல் போகலாம். உங்கள் ஃபைல் அவர்கள் டிரைவில் இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது புதிதாக ஒரு வேலையும் வருகிறது. 'வாய்ஸ் டேட்டா'. ச ரி க ம பாட வேண்டும், ஒரே வரியைச் சோகமாக, கோபமாக, கிசுகிசுப்பாகப் பாட வேண்டும், சில மணி நேரம், கையோடு பணம். பாட்டு எதற்கு, படம் எது என்று கேட்டால் பதில் வராது. பதில் வராத இடத்தில் பாடாதீர்கள். அங்கே உங்களிடம் வாங்குவது உங்கள் பாட்டை இல்லை; இனி உங்களைக் கூப்பிடத் தேவையில்லாத ஏற்பாட்டை.

வாசிப்பவர்களுக்குப் பழைய பாடம்

இயந்திரம் வந்து இசைக் கலைஞரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்வது நமக்குப் புதிதில்லை. எத்தனையோ கோயில்களில் தீபாராதனை நேரத்தில் இப்போது சுவிட்சைப் போடுகிறார்கள். மோட்டார் சுழன்று முரசும் மணியும் ஜால்ராவும் ஒரே தாளத்தில் அடிக்கின்றன. நாகஸ்வரமும் தவிலும் நின்ற இடம் அது. பெங்களூர் ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவைக் கொண்டுவந்த பிறகு, மேடையில் பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டுகிறவர்கள் குறைந்துபோனார்கள். எண்பதுகளின் கடைசியில் சின்தசைஸர் பரவியதும், வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசித்த கூட்டம் ரீரெக்கார்டிங் தியேட்டர்களில் மெலிந்தது.

அந்த இயந்திரங்கள் கலைஞரின் இடத்தைப் பிடித்தன. இப்போதைய இயந்திரம் கலைஞரின் கையையே எடுத்துக்கொள்கிறது. 'சாம்பிள் பேக்' என்று சொல்கிறார்களே, அதைப் பாருங்கள். உறுமிக் கலைஞர் ஒருவரை அழைத்து உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு தட்டையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியாக வாசிக்கச் சொல்வார்கள். இழுப்பு ஒன்று, குச்சியின் நுனிபடும் அடி ஒன்று என்று நாள் முழுக்கப் பதிவு. மாலையில் ஒரு நாள் சம்பளம். அதற்குப் பிறகு அந்த உறுமி உலகத்தில் யார் கீபோர்டில் விரல் வைத்தாலும் பேசும். திருவிழாப் பாட்டுக்கு உறுமி வேண்டும் என்று யாராவது நினைக்கும்போது, அந்தக் கலைஞருக்குப் போட்டியாக நிற்பது அவருடைய கையேதான். பறை, தவில், பம்பை, கடம் எல்லாவற்றுக்கும் இதே கதை.

இதிலும் கோளாறு பதிவு செய்ததில் இல்லை. ஒரு நாள் சம்பளத்துக்கு எத்தனை நாள் உரிமை கொடுத்தோம் என்று யாரும் எழுதிக்கொள்ளாததில் இருக்கிறது.

ஆன்லைனில் போட்டால் பிழைக்கலாமா?

சினிமாவே வேண்டாம், சொந்தமாகப் பாட்டுப் போட்டு ஸ்பாடிஃபை, யூடியூபில் ஏற்றிக்கொள்கிறேன் என்கிற இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் பணம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஸ்ட்ரீமிங் தளங்கள் பெரும்பாலும் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிர்ணயித்துக் கொடுப்பதில்லை. சந்தாவும் விளம்பரமுமாக வந்த வருமானத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பிரிக்கிறார்கள். அதனால் உங்கள் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதோடு, மற்ற பாட்டுகள் எத்தனை முறை ஓடின என்பதும் உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. பந்தியில் ஆள் இல்லாத இலைக்கெல்லாம் பரிமாறிக்கொண்டே போனால், உட்கார்ந்திருப்பவர் இலைக்கு வருவது குறையத்தானே செய்யும்?

ஆள் இல்லாத இலைகள் பெருகுகின்றன. பிரெஞ்சுத் தளமான டீஸர், தனக்கு நாள்தோறும் வந்து சேரும் பாட்டுகளில் முழுக்க ஏஐ செய்தவை 10 விழுக்காடு என்று 2025 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் அது 34 விழுக்காடு, நாளொன்றுக்குச் சுமார் 50,000 பாட்டுகள். இவற்றைக் கேட்பவர்களிலும் பெரும்பகுதி மனிதர்களே இல்லை, போலிக் கணக்குகள் என்கிறது அந்த நிறுவனம். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒருவர் மீது வழக்குப் பதிவானது: ஏஐ கொண்டு லட்சக்கணக்கான பாட்டுகளைச் செய்து ஏற்றி, அவற்றைக் கேட்கவும் போலிக் கணக்குகளை வைத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. அது வானத்திலிருந்து விழுந்த பணம் கிடையாது. மற்ற கலைஞர்களின் பங்கிலிருந்து போனது.

கேட்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். டீஸரும் ஆய்வு நிறுவனமான இப்ஸோஸும் எட்டு நாடுகளில் 9,000 பேரிடம் நடத்திய ஆய்வில், 97 விழுக்காட்டினரால் ஏஐ பாட்டையும் மனிதர் பாட்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2025-இன் நடுவில் 'தி வெல்வெட் சன்டவுன்' என்கிற இசைக்குழு ஸ்பாடிஃபையில் மாதம் பத்து லட்சம் நேயர்களைத் தாண்டியது. அப்படியொரு குழுவே கிடையாது, முழுக்க ஏஐ என்பது பிறகுதான் உறுதியானது.

மனிதர்கள் செய்வதிலும் மறைவிளையாட்டு உண்டு. படிக்கும்போது, தூங்கும்போது கேட்கும் மெல்லிசைப் பட்டியல்களில் வரும் பெயர்களை யாரும் கவனிப்பதில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த யோகான் ரோர் என்கிற ஒரே இசையமைப்பாளர் 650-க்கும் மேற்பட்ட புனைபெயர்களில் அந்தப் பட்டியல்களை நிரப்பியிருந்ததை 2024-இல் அந்நாட்டுப் பத்திரிகை ஒன்று வெளிக்கொண்டுவந்தது. புல்லாங்குழலிலோ வீணையிலோ ஒருவர் அமைதியான இசை ஒன்றைச் செய்து ஏற்றி, அந்தப் பட்டியலில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கிறார். இடம் முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டது.

இதற்கு நடுவில் 2024 முதல் ஸ்பாடிஃபை ஒரு விதியும் வைத்திருக்கிறது. ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்துக்குள் 1,000 முறையாவது ஓடவில்லை என்றால் அந்தப் பதிவுக்குப் பணம் இல்லை. ஊரில் பத்துப் பேர் பாராட்டிய சிறு கலைஞரின் பங்கு, ஆயிரத்தைத் தாண்டிய மற்ற பாட்டுகளின் கணக்குக்குப் போகிறது. இந்த ஆயிரத்தைத் தொட்டுவிட வேண்டும் என்கிற பதற்றத்தில்தான் அடுத்த வலையில் விழுகிறார்கள். 'உங்கள் பாட்டுக்கு ஸ்ட்ரீம் ஏற்றித் தருகிறோம்' என்று இன்ஸ்டாகிராமில் வருகிறவர்களிடம் பணம் கட்டுகிறார்கள். ஏற்றித் தருவது போலிக் கணக்குகள். பிடிபட்டால், உங்கள் பாட்டைக் கொண்டுசேர்த்த விநியோகத் தளத்துக்கு ஸ்பாடிஃபை அபராதம் போடும். அவர்கள் உங்கள் ஆல்பத்தையே இறக்கிவிடுவார்கள். பணமும் போய், பாட்டும் போய், பெயரும் கெடும்.

கர்நாடக இசைக்காரர்களுக்கு வேறு தலைவலி. தியாகராஜர் மறைந்தது 1847. அவர் கீர்த்தனை எவருடைய சொத்தும் இல்லை. ஆனால் அதைச் சொந்தமாகப் பாடி யூடியூபில் ஏற்றினால், ஆடியோ கம்பெனி ஒன்றின் ஒலிப்பதிவோடு ஒத்துப்போகிறது என்று அங்குள்ள தானியங்கிக் கணினி கொடி காட்டிவிடுவது நடக்கிறது. அதே ராகம், அதே கீர்த்தனை, ஒரே சம்பிரதாயத்தில் வந்த சங்கதிகள். ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? விளம்பர வருமானம் அந்தக் கம்பெனியின் பெயருக்குப் பிடித்துவைக்கப்படும். நீங்கள் மறுத்து எழுதினால், பதில் சொல்ல அந்தக் கம்பெனிக்கு 30 நாள் அவகாசம். பாடினவர் தான் பாடினேன் என்று நிரூபிக்க வேண்டிய நிலை. பயந்துபோய் விட்டுவிடாதீர்கள், மறுப்பை எழுதுங்கள்.

வழக்குப் போட்டவர்களே கை குலுக்கினார்கள்

ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டையும் செய்து தரும் சூனோ, யூடியோ இரண்டின் மீதும் 2024 ஜூனில் யுனிவர்சல், சோனி, வார்னர் என்கிற மூன்று இசை நிறுவனங்களும் வழக்குப் போட்டன. எங்கள் பாட்டுகளைத் திருடி ஏஐக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பது புகார். திறந்த இணையத்தில் கிடைத்த, தரமான இசைக் கோப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பயன்படுத்தினோம் என்று சூனோ நீதிமன்றத்திலேயே சொல்லி, அது சட்டப்படி சரிதான் என்றும் வாதாடியது. அந்த 'எல்லாவற்றிலும்' நம் ஊர்ப் பாட்டுகள் இல்லாமல் இருக்குமா?

2025 அக்டோபரில் யுனிவர்சல் யூடியோவோடு சமாதானமானது. நவம்பரில் வார்னர் இரண்டோடும் ஒப்பந்தம் போட்டது. கலைஞர்கள் சம்மதித்தால் மட்டுமே அவர்கள் குரல் பயன்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். பெயர் பெற்ற கலைஞரிடம் கேட்பார்கள், சந்தேகமில்லை. அந்தப் பாட்டில் பின்னால் வாசித்தவரிடம் யார் கேட்பார்கள்? மாஸ்டர் உரிமை முழுவதும் கம்பெனி கையில் இருக்கும் பாட்டில், சம்மதம் சொல்கிற நாற்காலியில் கம்பெனிதான் உட்கார்ந்திருக்கிறது.

சிறிய கலைஞர்கள் நம்பி ஏற்றிய தளங்களும் விதிவிலக்கில்லை. சவுண்ட்கிளவுட் 2024 பிப்ரவரியில் தன் விதிமுறையில், ஏற்றப்பட்ட இசையை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று பொருள்படும் வரியைச் சேர்த்தது. ஓராண்டுக்கு மேல் பெரும்பாலோர் கண்ணில் அது படவே இல்லை. 2025 மே மாதம் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, கலைஞர்கள் கொதித்தார்கள். அப்படிப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது, வரியையும் மாற்றியது. கூட்டமாகச் சத்தம் போட்டால் வரி மாறும் என்பதையும் இதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

டெல்லியையும் கவனியுங்கள். 2025 டிசம்பரில் மத்திய தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஏஐ நிறுவனங்கள் பதிப்புரிமை உள்ள படைப்புகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளக் கட்டாய உரிமம் கொடுத்துவிடலாம், பதிலுக்கு ராயல்டி வசூலித்துப் படைப்பாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது அதன் யோசனை. ராயல்டி என்கிற சொல் இனிக்கிறது. கட்டாயம் என்கிற சொல்லில்தான் கசப்பு: என் படைப்பைத் தரமாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பு அதில் இல்லை. இது சட்டமாகாத யோசனைதான். சட்டமாகும் முன் பேச வேண்டியவர்கள் நாம்.

கையில் இருக்கும் சட்டம்

குரலுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் டென்னிசி மாநிலம் 2024-இல் கொண்டுவந்துவிட்டது. இங்கே நீதிமன்றம்தான் கதி. அரிஜித் சிங் 2024 ஜூலையிலும், ஆஷா போஸ்லே 2025-இலும் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தங்கள் குரலை ஏஐ நகலெடுப்பதற்கு எதிராக இடைக்காலப் பாதுகாப்பு வாங்கினார்கள். புகழ் இருப்பவர்களுக்குக் கிடைத்த கேடயம் அது.

புகழ் இல்லாதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம். மாநிலங்களவையில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். சட்டப்படி பாடகரும் வாத்தியக் கலைஞரும் 'நிகழ்த்துநர்'. நிகழ்த்தல் வணிகமாகப் பயன்பட்டால் ராயல்டி பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்த நிகழ்த்துரிமை 50 ஆண்டு நிலைக்கும். ஒப்பந்தம் போடும்போது புழக்கத்திலேயே இல்லாத ஒரு பயன்பாட்டு முறையைத் தாளில் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்றால், அந்த ஒப்பந்தம் அதற்குச் செல்லாது. கால அளவு எழுதாவிட்டால் ஐந்தாண்டுதான். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இதனால்தான் தாளில் நிரந்தரம், உலகம் முழுவதும், இனி வரும் ஊடகம் என்று மெனக்கெட்டு எழுதுகிறார்கள்.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. திரைப்படத்தில் தற்செயலாக வந்துபோகும் நிகழ்த்தல், டைட்டிலிலும் பெயர் இல்லை என்றால், அவரை நிகழ்த்துநராகவே பெரும்பாலான உரிமைகளுக்குச் சட்டம் கருதாது. டைட்டிலில் பெயர் போடச் சொல்லி அடம்பிடிப்பதைப் புகழாசை என்று யாராவது கிண்டல் செய்தால் சிரித்துவிட்டு இன்னும் அழுத்திக் கேளுங்கள். நாளைக்கு உங்களுக்கு இருக்கும் சாட்சி அதுதான்.

இனி என்ன செய்ய வேண்டும்?

1. கையெழுத்துக்கு முன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தாளை போனில் படமெடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவகாசமே தராத இடம் ஆபத்தான இடம்.

2. இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: 'இந்தப் பதிவை ஏஐ பயிற்சிக்கோ, என் குரலையோ வாசிப்பையோ நகலெடுக்கவோ, என் தனி எழுத்துப்பூர்வ சம்மதமும் தனி ஊதியமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது.' அச்சடித்த தாள் என்றால் பேனாவால் எழுதி, இரு தரப்பும் பக்கத்தில் கையெழுத்திடலாம்.

3. நிராகரித்த டிராக்குகளை அழித்துவிட்டதாக மின்னஞ்சலில் உறுதி கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவில் இருக்கும்.

4. என்ன பாடினீர்கள், எந்தத் தேதி, எந்த ஸ்டுடியோ, யாருக்காக என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வவுச்சர் நகலையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள்.

5. பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்றால் ஐ.பி.ஆர்.எஸ்.; பாடகர், வாத்தியக் கலைஞர் என்றால் இஸாம்ரா. ராயல்டி வசூலிக்கும் இந்த அமைப்புகளில் உறுப்பினராகுங்கள். உங்கள் பெயரில் வசூலாகும் பணம் உங்களைத் தேடிக்கொண்டு வராது.

6. ஸ்பாடிஃபை, யூடியூபில் உங்கள் பெயரை மாதம் ஒருமுறை தேடிப் பாருங்கள். 1989-இல் இறந்துபோன அமெரிக்கப் பாடகர் பிளேஸ் ஃபோலியின் பக்கத்தில் 2025-இல் புதுப் பாட்டு முளைத்தது. ஏஐ செய்து யாரோ ஏற்றியது. உங்கள் பக்கத்திலும் முளைக்கலாம்.

7. பாட்டு ஏற்றும் தளத்தின் விதிமுறையில் ஏஐ பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். அணைத்துவைக்கும் வசதி இருந்தால் இன்றே அணையுங்கள்.

'வரி சேர்க்கச் சொன்னால் என்னை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்' என்பீர்கள். உண்மை. தனி ஆள் கேட்டால் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் இது சங்கத்தின் வேலை. ஒலித்தட்டு வந்து மேடைக் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுத்தபோது, அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் ரெக்கார்டிங்குக்கே போகமாட்டோம் என்று உட்கார்ந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. கடைசியில் ஒலித்தட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இறங்கிவந்து, விற்கும் தட்டுக்குக் கலைஞர்களின் நிதிக்கென்று ஒரு பங்கு கொடுக்கச் சம்மதித்தன. அதே சங்கம் 2024-இல் ஹாலிவுட் தயாரிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் ஏஐ பாதுகாப்பையும் எழுதி வாங்கியிருக்கிறது. நம் ஊரிலும் எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் திரையிசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டி, கால்ஷீட்டுக்கும் சம்பளத்துக்கும் ஒரு முறையைக் கொண்டுவரப் பாடுபட்டார்கள். அந்தச் சம்பளப் பட்டியலில் இப்போது ஏஐ என்று ஒரு பத்தி சேர வேண்டும். சம்மதம் எப்படி, தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று எல்லாருக்கும் ஒரே விதி.

இசையமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ரஹ்மான் குடும்பங்களைக் கேட்டுச் செய்தார். அதை வெளியிலும் சொன்னார். அந்த மரியாதை மறைந்த பிரபலங்களோடு நின்றுவிடக் கூடாது. உங்கள் ஸ்டுடியோவுக்கு நாளைக் காலை வரும் கோரஸ் பாடகிக்கும், உறுமிக்காரருக்கும் சம்மதம் கேட்கும் தாளைக் கொடுங்கள்.

கலைஞர்களே, சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், இந்தப் பேச்சை எடுங்கள். அங்கே ஒரு முடிவு வரும்வரை, ஏஐ பற்றிய வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் எந்தக் கோர்ட்டும் எளிதில் திருப்பி வாங்கித் தராது.